அரைநாள் போதும், சொல்ல ஆள் வேண்டும்

திருவனந்தபுரத்தில் விமானம் விட்டு இறங்கிக் கன்னியாகுமரிக்குக் காரில் போகிறவர்கள் குழித்துறைப் பாலத்தின்மேல் வரும்போது, கீழே ஓடுவது என்ன ஆறு என்று கேட்பதுண்டு. தாமிரபரணி என்பார் ஓட்டுநர். திருநெல்வேலியில் ஓடுகிறதே அதுவா என்று அடுத்த கேள்வி வரும். அது வேறு, இது வேறு. கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறையைத் தொட்டுக்கொண்டு தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேரும் குமரி மாவட்டத்தின் சொந்த ஆறு இது என்று எடுத்துச் சொல்ல அந்தக் காரில் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை. பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. வண்டி நேரே முக்கடல் கூடும் இடத்துக்குப் போய், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, சூரியன் மறைவு என்று அன்றைய பொழுது முடிகிறது. விளவங்கோடு, கல்குளம் வட்டங்கள் வழியில் கடந்துபோகும் ஊர்ப்பலகைகளாக மட்டும் மிஞ்சுகின்றன. வருகிறவர்களுக்கு நேரமில்லை என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். அதை நான் ஏற்கவில்லை. அரைநாள் எப்படியும் கிடைக்கும். பஞ்சமெல்லாம் அந்த அரைநாளை நிரப்பத் தெரிந்த ஆளுக்குத்தான்.

சீனத்துப் பெருநகரங்களைப் பார்த்தால் இது விளங்கும். பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சௌ எதுவானாலும் அரைநாள் தனிச்சுற்று என்பது அங்கே நிலைபெற்ற தொழில். 1957 முதல் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் குவாங்சௌவில் நடக்கும் பெரும் வணிகச் சந்தைக்கு நம்மூர் வியாபாரிகளும் போகிறார்கள். சரக்குப் பேசி முடித்து, விமானத்துக்கு முன் நாலைந்து மணி நேரம் மிஞ்சினால், விடுதி வாசலுக்கே ஒரு வழிகாட்டி வந்து மூன்று இடங்களைக் காட்டிக் கொண்டுவந்து விடுவார். அந்த இடங்களில் ஒன்று 1894இல் கட்டி முடித்த சென் குலத்தார் மண்டபம். தனியே போனால் அது பெரிய பழைய வீடு, அவ்வளவுதான். கூடப்போகிறவர் கூரை முகட்டைக் காட்டி, வரிசையாக நிற்கும் சுட்டமண் பொம்மைகள் எல்லாம் நாடகக் காட்சிகள் என்பார். அரசுத் தேர்வு எழுத வெளியூர்களிலிருந்து வரும் தங்கள் குலத்துப் பிள்ளைகள் தங்கிப் படிப்பதற்கென்று சென் குடும்பங்கள் பல பணம் போட்டுக் கட்டியது என்பார். கட்டி 11 ஆண்டில், 1905இல், அந்தத் தேர்வு முறையே ஒழிக்கப்பட்டது என்றும் சொல்வார். அந்த நொடியில் கட்டடத்துக்கு உயிர் வந்துவிடுகிறது. பார்த்தவர் ஊர் திரும்பிப் பத்துப் பேரிடம் சொல்லும் செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

தமிழர்களுக்கு நெருக்கமான இன்னொரு நகரமும் அங்கே உண்டு. அராபியரும் மார்க்கோ போலோவும் சைத்தூன் என்று குறித்த துறைமுகமான சுவான்சௌ, 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1281ஆம் ஆண்டு, குப்ளாய் கான் ஆண்ட காலத்தில், சம்பந்தப்பெருமாள் என்ற தமிழர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அந்நகரில் கிடைத்தது. அதன் அடியில் சீன எழுத்தும் உண்டு. அங்குள்ள கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்களில் நரசிம்மரும் கண்ணனும் இருக்கிறார்கள். பெய்ஜிங், ஷாங்காய் என்று போய்வரும் நம் சுற்றுலாக் குழுக்களின் நிரலில் சுவான்சௌ பெரும்பாலும் இருப்பதில்லை. சொந்தக் கதையே ஆனாலும் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்த நாட்டுக்கே போயும் பார்க்காமல் திரும்பிவிடுவோம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இப்போது குழித்துறைக்கு வருவோம். பிள்ளைகள் தங்கிப் படிக்க எழுப்பிய அந்தச் சீன மண்டபத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்பே, இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத முஞ்சிறைக்குப் பக்கத்தில், பார்த்திவபுரத்தில் ஒரு சாலை நடந்தது. சாலை என்றால் ரோடு இல்லை, கல்விச்சாலை. ஆய் குல மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் பெற்று, கோயில் எழுப்பி, காந்தளூர்ச் சாலையை மாதிரியாகக் கொண்டு 95 மாணவர்களுக்கு இடம் வகுத்ததை 9ஆம் நூற்றாண்டின் செப்பேடு சொல்கிறது. மாணவர்கள் ஒருவரையொருவர் ஏசினால் தண்டம், ஆயுதத்தோடு கூட்டத்துக்கு வரக்கூடாது என்பது வரைக்கும் விதிகள் எழுதியிருக்கிறார்கள். விடுதிச் சண்டைக்கு அபராதம் போட்ட ஊர் இது என்று கேட்டால் எந்தக் கல்லூரிப் பிள்ளையும் நின்று கேட்கும். ஆனால் இன்று பார்த்திவபுரம் கோயிலுக்குப் போகிற வெளியூர்க்காரருக்குக் கோயில் தெரியும், சாலை தெரியாது.

சிதறால் மலைக்கோயிலின் கதையும் இதுதான். குழித்துறையை அடுத்த மார்த்தாண்டத்திலிருந்து அது 7 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. கல் பாவிய பாதையில் ஏறிப்போனால், பெரும்பாறை ஒன்று கவிந்து நிற்க, அதன் சரிவில் சமணத் தீர்த்தங்கரர்கள் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். தலைக்குமேல் பாம்பு படம் விரித்திருந்தால் அவர் பார்சுவநாதர் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அடுத்த உருவத்தைப் பார்ப்பவரே தேடிக் கண்டுபிடிப்பார். திருச்சாரணத்துமலை என்பது இதன் பழம்பெயர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குரத்தி, அதாவது ஆசிரியை, என்று அழைக்கப்பட்ட சமணப் பெண்துறவி ஒருவர் இங்குள்ள பட்டாரியர் என்ற தெய்வத்துக்குப் பொன் கொடுத்ததைக் கல்வெட்டு பதிந்து வைத்திருக்கிறது. ஆசிரியராக இருந்த ஒரு பெண்ணின் பெயர் 1,100 ஆண்டுக்கு முன் இந்த மலையில் கல்லில் ஏறியிருக்கிறது. பிறகு சமணம் தேய்ந்து, அதே இடம் பகவதி கோயிலாகி, இன்றும் வழிபாடு நடக்கிறது. ஒரே பாறையில் இரண்டு சமயங்களின் வரலாறு. வருகிறவர்களில் பலர் மேலே நின்று காற்று வாங்கி, ஆற்றையும் தென்னந்தோப்புகளையும் படம் எடுத்துவிட்டு இறங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கல்வெட்டின் வட்டெழுத்து அவர்களுக்கு எப்படிப் புரியும்?

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கூட்டம் வரத்தான் செய்கிறது. பறளியாற்றுக்குக் குறுக்கே, 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்க, ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் இந்தத் தொட்டி 1966இல் எழுந்தது. பக்கவாட்டு நடைபாதையில் நின்று கீழே பார்த்துத் தலை சுற்றுகிறது என்பதோடு பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். கீழே ஓடுவது ஓர் ஆறு, மேலே தொட்டியில் ஓடுவது இன்னோர் ஆற்றுப் படுகையிலிருந்து வந்த நீர், அது போய்ச் சேரும் வயல் எங்கே என்று சொல்லும்போதுதான் காமராஜர் காலத்து நீர்ப்பாசனத் திட்டம் என்பதன் பொருள் புரியும்.

சொல்ல ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இதே மாவட்டத்தில் சான்று இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கும் பத்மநாபபுரம் அரண்மனையில், இடத்துக்கு இடம் ஊழியர்கள் நின்று விளக்குகிறார்கள். கூரையிலிருந்து தொங்கும் குதிரை விளக்கை எப்படித் திருப்பினாலும் அப்படியே நிற்கும் என்று காட்டுகிறார்கள். கறுத்து மின்னும் தரையில் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்ந்திருக்கின்றன என்கிறார்கள். சீன வணிகர்கள் தந்ததாகச் சொல்லப்படும் நாற்காலியும் பெரிய சீனப் பரணிகளும் வரும்போது, நம் அடுக்களைச் சீனச்சட்டியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பவருக்கே தோன்றிவிடுகிறது. 2019 அக்டோபர் 11 அன்று மாமல்லபுரத்தில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். சீன அதிபர் ஷி ஜின்பிங்கை அழைத்துக்கொண்டு, வேட்டி கட்டிய இந்தியப் பிரதமர் அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதங்கள், கடற்கரைக் கோயில் என்று தாமே காட்டிக்கொண்டு நடந்தார். ஒரு சாயங்கால நேரச் சுற்றுதான் அது. உலகம் முழுக்க மாமல்லபுரத்தைப் பார்க்க அது போதுமானதாக இருந்தது.

கையில் போன் இருக்கும்போது ஆள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கல்வெட்டின் காலம், பாலத்தின் உயரம் இவற்றைப் போன் சொல்லிவிடும். ஆனால் என்ன தேட வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அது சொல்லும். குரத்தி என்ற சொல்லையே கேள்விப்படாதவர் அதை எப்படித் தேடுவார்? வந்தவர் மலையாளியா, வடநாட்டவரா, முழங்கால் வலியுள்ள முதியவரா என்று பார்த்து, எதை விரித்துச் சொல்வது, எதை விடுவது, மலை ஏறுவதா பாலத்துக்குப் போவதா என்று தீர்மானிப்பது ஆளால் மட்டும் ஆகும் காரியம். தமிழும் மலையாளமும் பிறவியிலேயே சேர்ந்து வரும் எல்லைப்புறம் இது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த மண். இரண்டு மொழிக்காரரிடமும் அவரவர் பேச்சிலேயே பேசத்தக்க இளைஞர்கள் மார்த்தாண்டத்துக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள்.

வழிகாட்டி என்றாலே கமிஷன் கடைக்கு இழுத்துப்போகிறவர், வாய்க்கு வந்த கதையை அளப்பவர் என்ற பயம் போன் பற்றிய கேள்வியைவிடக் கனமானது. அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. சீனாவிலும் சுற்றுலாப் பயணிகளைப் பட்டுக் கடைக்கும் பச்சைக்கல் கடைக்கும் கொண்டுபோய் வாங்கச் சொல்லி வற்புறுத்துவது பெரிய புகாராக இருந்தது. அடிமாட்டு விலைக்குச் சுற்றுலாவை விற்று, நஷ்டத்தைக் கடைக் கமிஷனில் ஈடுகட்டியதுதான் அதன் அடிப்படை. 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சுற்றுலாச் சட்டம் அந்த முறையைத் தடை செய்தது. அங்கே வழிகாட்டியாக வேலை செய்ய நாடு தழுவிய தேர்வில் தேற வேண்டும். எழுத்துத் தேர்வோடு, உள்ளூர் இடத்தை வாயால் விளக்கிக் காட்டவும் வேண்டும். சட்டத்தால் எல்லாம் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நேரடியாக நியாயமான கூலி கிடைக்கிறவருக்குக் கடை வாசலில் கை நீட்டும் அவசியம் குறையும், தேர்வு எழுதியவர் சிதறாலில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகளைப் பாண்டவர் படுக்கை என்று சொல்லக் கூசுவார், அவ்வளவு நம்பலாம். ஆகவே இந்தப் பயம் வழிகாட்டி வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. உரிமமும் நிர்ணயித்த கட்டணமும் வேண்டும் என்பதற்குத்தான் காரணமாகும்.

அரைநாளில் ஓர் ஊரைப் பார்ப்பது நுனிப்புல் மேய்வது என்று படித்தவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஏழு நாள் ஏழு ஊர் என்று பேருந்தில் அடைத்துக்கொண்டு ஓடுவதைப் பற்றிச் சொன்னால் நானும் ஒத்துக்கொள்வேன். அரைநாளில் இரண்டே இடம், கேள்வி கேட்க ஒரு மனிதர் என்பது அதற்கு நேர்மாறு. அதைவிட முக்கியமாக, குமரி மாவட்டத்துக்கு வருகிறவர்கள் கையில் அரைநாள்தான் இருக்கிறது. இல்லாத நான்கு நாளை எதிர்பார்த்து இருக்கிற நான்கு மணியை நழுவவிடுவது நமக்குத்தான் நட்டம்.

செய்ய வேண்டியது பெரிய செலவுக் காரியம் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம் சுற்றுலா உதவியாளர்களுக்கு இணையவழிப் பயிற்சி வைத்திருக்கிறது. அது பொதுவான பாடம். மாவட்ட நிர்வாகமும் குழித்துறை நகராட்சியும் அதன்மேல் உள்ளூர்ப் பாடம் ஒன்றைச் சேர்த்து, முதலில் 20 பேரைத் தேர்ந்தெடுக்கலாம். ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணிக் கரையில் பலிதர்ப்பணம் செய்ய வருகிறவர்கள் போகும்போது மா, பலா, தென்னை என்று கன்று வாங்கிப் போவது இங்கே வழக்கம். நகராட்சி நடத்தும் வாவுபலிப் பொருட்காட்சி அதையொட்டி நாள்கணக்கில் நடக்கிறது. கன்று விற்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, அந்த 20 பேரும் முறைவைத்து உட்காரட்டும். காலையில் சிதறால், மாலையில் தொட்டிப்பாலம், இவ்வளவு கட்டணம் என்று பலகையில் எழுதி வைக்கட்டும். வெளியூர்க்காரர்களுக்கு முன்னால் முதல் சுற்றில் உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகட்டும். பார்த்திவபுரத்தில் 95 பேர் தங்கிப் படித்த கதையை அவர்கள் முதலில் கேட்கட்டும்.