மலையில் எறிவது நம் குடத்தில் விழும்!

பள்ளிக்கூடம் லீவு விட்டதும், "கொடைக்கானலுக்கு ஒரு நடை போயிட்டு வரலாமா?" என்ற பேச்சு வீட்டுக்கு வீடு கிளம்பிவிடும். தாராளமாகப் போகலாம். வருஷம் முழுக்க அடுப்படியில் வேகிற நமக்கும் நாலு நாள் குளிர்காற்று வேண்டாமா? ஆனால், எப்படிப் போகிறோம் என்பதுதான் என் கேள்வி.

பனிப்பாறைகள் உருகுவதைக் கண்டு, 2025-ஐ அவற்றின் பாதுகாப்பு ஆண்டாகவே ஐ.நா. சபை அறிவித்தது. 'இமயமலை சமாசாரம், நமக்கென்ன?' என்று பேப்பரை மடித்து வைத்திருப்போம். நம் பழநி மலையில் பனிப்பாறை கிடையாதுதான். ஆனால், அந்த வேலையை இங்கே சோலைக்காடும் புல்வெளியும் செய்கின்றன. மழைத் தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, வெயில் காலத்தில் ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. மலை ஓடைகள் ஓடினால்தான் ஆத்தூர் காமராஜர் அணைக்குத் தண்ணீர். அணையில் இருந்தால்தான் திண்டுக்கல்லுக்குக் குடிநீர். அது வற்றினால் குடத்தோடு அலையப் போவது யார்? நாம்தானே!

சீகை, யூக்கலிப்டஸ், பைன் என்று அந்நிய மரங்களை நட்டதில் புல்வெளியின் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது. மிச்சத்தைக் காக்க 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. கூட்டம் தாங்காமல் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நாளொன்றுக்கு 4,000 வண்டிகள், சனி, ஞாயிறில் 6,000 என்று ஐகோர்ட் வரையறுத்தது.

"வியாபாரம் படுத்துடும்" என்கிறார்கள் கடைக்காரர்கள். அவர்கள் பிழைப்பும் முக்கியம்தான். ஆனால், காடும் குளிரும் போன பிறகு யார் மலையேறி வருவார்கள்? கட்டுப்பாடு அவர்களுக்கும் நல்லதே.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். பயணத்துக்கு மூட்டை கட்டுவது நம் கைதானே, தோழிகளே! புளியோதரையைத் தூக்குச்சட்டியில் எடுப்போம். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அங்கே இருபது ரூபாய் பசுமை வரி போட்டார்கள்; எவர்சில்வர் பாட்டில் இருந்தால் அந்தக் காசும் மிச்சம். குப்பையை ஒரு பையில் போட்டுக் கீழே கொண்டு வருவோம். மே மாதமே போக வேண்டும் என்று அடம்பிடிக்காமல், காலாண்டு லீவிலும் போகலாமே!

2018-ல் பூத்த குறிஞ்சி, இனி 2030-ல் பூக்க வேண்டும். அதற்கு இடம் விட்டு வைப்போமா?

- ஒரு இல்லத்தரசி, காந்திகிராமம்.