'ரென்சன் ஆகாதேங்கோ' எண்டால் போதுமா?

இதயத்தைக் காப்பாற்ற வேணுமெண்டால் ரென்சனைக் குறையுங்கோ எண்டு எல்லாரும் எங்களுக்குச் சொல்லுகினம். சரி, குறைக்கிறம். அந்த ரென்சனைத் தாறது ஆர்?

1967 இல் பிரித்தானிய அரச ஊழியர்களிடையே தொடங்கிய வைற்ஹோல் ஆய்வைப் பாருங்கள். இதயநோயால் அதிகம் இறந்தவர்கள் பெரிய பொறுப்புச் சுமந்த உயரதிகாரிகள் அல்ல, கடைநிலை ஊழியர்கள். புகைத்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் சேர்ந்தும் அந்த வித்தியாசத்தின் ஒரு பகுதியைத்தான் விளக்கின. தன் வேலையைத் தானே தீர்மானிக்க முடியாதவருக்கு இதயநோய் ஆபத்து கூட என்பதைப் பின்னர் வந்த இரண்டாவது ஆய்வு காட்டியது.

நடையும் நித்திரையும் தேவைதான், நாங்கள் மறுக்கேல்லை. ஆனால் ஓவர்ரைம் செய்தால்தான் வீட்டுச் செலவு சமாளிக்கலாம் எண்டிருக்கிற ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளையிட்ட 'எட்டு மணித்தியாலம் படுங்கோ' எண்டு சொல்லுறது ஆலோசனையா, நக்கலா? சோதனைத் திகதியைக் கடைசி நேரத்தில் மாத்திப்போட்டு, கம்பசில தியான வகுப்பு வைச்சால் சரியா?

மூச்சுப் பயிற்சியை நாங்கள் செய்யிறம். வேலை நேரமும் சோதனைத் திகதியும் முடிவாகிற கூட்டத்துக்கு எங்களையும் கூப்பிடுங்கோ.