கார்புரேட்டரில் குடியிருக்கும் ஆன்மா

பழைய காரின் எஞ்சினைத் தனிக் கணினி ஒன்றின் பொறுப்பில் விடுவது அக்காரின் ஆன்மாவைக் கொல்வதாகும் என்றொரு வாதம் பழங்கார் ஆர்வலர்களிடையே உலவுகிறது. உரத்த குரலில் சொல்லப்படுவதாலேயே பலருக்கும் இது உண்மைபோல் தோன்றிவிடுகிறது. வரலாற்றை இவ்வளவு எளிதாக மறந்த வாதம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

1969-இல் வெளிவந்த போர்ஷே 914-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் 1.7 லிட்டர் எஞ்சினில் கார்புரேட்டரே கிடையாது. பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் என்னும் மின்னணு எரிபொருள் பீய்ச்சும் அமைப்போடுதான் அது தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அதே அமைப்பு 1967-லேயே வோக்ஸ்வாகன் 1600-இல் இடம்பெற்றுவிட்டது. 'டி' என்பது அழுத்தத்தைக் குறிக்கும் 'ட்ருக்' என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. காற்று உட்புகும் குழாயின் அழுத்தத்தை ஓர் உணரி அளக்கிறது. எஞ்சினின் வேகத்தை டிஸ்ட்ரிபியூட்டரின் தொடுமுனைகள் தெரிவிக்கின்றன. இன்ஜெக்டர் எத்தனை மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும் என்பதை டிரான்சிஸ்டர்கள் நிறைந்த ஒரு பெட்டி தீர்மானிக்கிறது. கணினி அல்லாமல் இது வேறென்ன?

காலப்போக்கில் அவ்வுணரியின் மெல்லிய சவ்வு விரிசல் கண்டது, கம்பிகளின் உறை நொறுங்கியது, உதிரிபாகம் அரிதாயிற்று. உடனே பலர் அனைத்தையும் பிடுங்கிவிட்டு இரட்டை வெபர் கார்புரேட்டர்களைப் பூட்டினர். பெரும்பாலும் கேம்ஷாஃப்டையும் மாற்றினர். எஞ்சினைத் திறக்காமல் இனி அசலுக்குத் திரும்ப வழியில்லை. ஆயினும் இதற்குப் பெயர் 'அக்காலத்துக்குப் பொருந்திய மாற்றம்'! அதே காரில் மெகாஸ்குவர்ட்டோ ஸ்பீடுயினோவோ பொருத்துபவன் மட்டும் துரோகியாம்.

2000-களின் தொடக்கத்தில் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்னும் இருவர் உருவாக்கிய மெகாஸ்குவர்ட், உரிமையாளரே ஈயம் பற்றவைத்துச் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பாக வந்தது. அதுவும் அளப்பது அதே அழுத்தத்தைத்தான். இன்ஜெக்டர்களும் காற்றுக்குழாயும் கேம்ஷாஃப்டும் இருந்தபடியே இருக்கலாம். பழைய பெட்டியில் மின்தடைகளுக்குள் உறைந்து கிடந்த கணக்கு இங்கே எண்களின் அட்டவணையாகக் கண்முன் விரிகிறது, அவ்வளவே வேறுபாடு. செல்லரித்த ஏட்டைப் படியெடுப்பவனை யாரும் கொலைகாரன் என்பதில்லை.

இது எளிதென்று சொல்ல வரவில்லை. புகைக்குழாயில் அகலப்பட்டை ஆக்சிஜன் உணரி ஒன்றைப் பொருத்தி, காற்றுக்கும் பெட்ரோலுக்குமான 14.7-க்கு 1 என்னும் எடை விகிதத்தை அளவுகோலாகக் கொண்டு, அட்டவணையைக் கட்டம் கட்டமாகத் திருத்த வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் கணக்குதான் பொறுமையைச் சோதிப்பது. முழுக்கக் குளிர்ந்த எஞ்சின் ஒரு காலைக்கு ஒருமுறைதான் வாய்க்கும். பிழைத்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

தூய்மைவாதிகள் கோபப்பட வேண்டிய இடம் வேறு. விலைகொடுத்து வாங்கிய கணினியில் அட்டவணையை எழுதிக்கொடுத்துவிட்டு, அதைக் கடவுச்சொல்லால் பூட்டி அனுப்பும் பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். காருக்கு உரியவன் தன் எஞ்சினின் எண்களைப் பார்க்கவும் முடியாது. அந்தப் பட்டறை மூடப்பட்டால் அவன் யாரிடம் போவான்? கார்புரேட்டரின் ஜெட்டையாவது ஒரு திருப்புளியால் கழற்றிப் பார்த்துவிடலாம். இந்த அநீதியைப் பற்றி ஆன்மாவின் காவலர்கள் ஒரு வரியும் எழுதியதாகத் தெரியவில்லை.