உடையட்டும் அந்த வீடியோ!

பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது. "வயர் இல்லாம வீடியோ அனுப்பற ப்ராஜெக்ட்ப்பா, அதுக்கு ஒரு பாக்ஸ் வாங்கணும்." "செல்போன்லயே வீடியோ வருதே, தனியா எதுக்கு பாக்ஸ்?"

அப்பாவின் கேள்வி நியாயமானதுதான். இந்த வாரம் அதற்குப் பதில் பார்ப்போம். பாக்ஸ் வாங்கியாயிற்று என்றால், அதை உருப்படியாக ஓட வைப்பது எப்படி என்பதையும் பார்ப்போம்.

பாக்ஸுக்குள் என்ன?

வீட்டு எஃப்.எம். ரேடியோவுக்கு எஃப்.எம். தவிர வேறெதுவும் தெரியாது. அதன் திறமை முழுவதும் சர்க்யூட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மென்பொருள் ரேடியோ அப்படியல்ல. ஆன்டெனாவுக்கு வரும் அலையை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் தரும் எண்களை அலையாக மாற்றி அனுப்பவும் செய்யும். அது பாட்டா, படமா என்பதைத் தீர்மானிப்பது புரோகிராம். காலையில் எஃப்.எம். ரேடியோவாக இருந்த பெட்டி, மதியம் டி.வி. டிரான்ஸ்மிட்டர் ஆகிவிடும்!

'மென்பொருள் ரேடியோ' என்ற பெயரை 1990களின் தொடக்கத்தில் பரவலாக்கியவர் ஜோசப் மிட்டோலா என்ற அமெரிக்கர். 2001-ல் எரிக் பிளாசம் தொடங்கிய 'குனு ரேடியோ' என்ற இலவச மென்பொருள், இதை மாணவர்களின் கைக்குக் கொண்டுவந்தது. இன்று அதில் கட்டங்களை இழுத்து வைத்துக் கோடு போட்டு இணைத்தாலே ஒரு ரேடியோ தயார். மாணவர்களுக்கென்றே அனலாக் டிவைசஸ் நிறுவனம் தயாரித்த 'புளூட்டோ' என்ற கையடக்கப் பெட்டி 325 மெகாஹெர்ட்ஸ் முதல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும். ஒரே நேரத்தில் அனுப்பும், வாங்கவும் செய்யும். அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் பேப்பரும் பேனாவும்

பெட்டியைத் திறக்கும் முன் கணக்குப் போட வேண்டும். சுருக்காத முழு எச்.டி. வீடியோ, நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் சுமார் 124 கோடி பிட் வரும். அதை இந்தச் சின்னப் பெட்டி தாங்காது.

நம் பெட்டி நொடிக்கு 10 லட்சம் குறியீடுகளை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குறியீடும் நான்கு நிலைகளில் ஒன்று. அதாவது இரண்டு பிட். மொத்தம் 20 லட்சம் பிட். வழியில் ஏற்படும் பிழைகளைத் திருத்துவதற்குப் பாதியை ஒதுக்கிவிட்டால் மிச்சம் 10 லட்சம். அப்படியானால் வீடியோவை எச்.264 முறையில் சுமார் 7 லட்சம் பிட்டுக்குள் சுருக்க வேண்டும். 640க்கு 360 அளவுப் படத்துக்கு இது போதும்.

மிச்ச இடத்தை என்ன செய்வது? டி.வி. ஒளிபரப்பில் தகவல்கள் 188 பைட் பொட்டலங்களாகப் போகின்றன. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நேரத்துக்குக் கிளம்பும் பஸ் மாதிரி, வீடியோ போதவில்லை என்றாலும் பொட்டலம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். காலி இடத்தை வெற்றுப் பொட்டலங்களால் நிரப்பச் சொல்லி வீடியோவைச் சுருக்கும் மென்பொருளிலேயே அமைத்துவிடலாம். இதை விட்டுவிட்டால் டிரான்ஸ்மிட்டர் தீனி இல்லாமல் திணறும். படம் விட்டுவிட்டு வரும்.

அடுத்தது யுஎஸ்பி. நொடிக்கு 2 கோடி சாம்பிள் என்று ஆசைப்பட்டால், ஒவ்வொன்றுக்கும் 4 பைட் வீதம் 64 கோடி பிட் ஆகிறது. புளூட்டோவில் இருக்கும் யுஎஸ்பி 2.0 இணைப்பின் உச்ச வேகமே 48 கோடிதான். நம் கணக்குக்கு 20 லட்சம் சாம்பிள் போதும் என்பதால் பிரச்னை இல்லை. லேப்டாப்பை சார்ஜரில் போட்டு, பேட்டரி சேமிப்பு முறையை அணைத்துவிடுங்கள்.

நான்கு படிகள்

நேராக ஆன்டெனாவை மாட்டுவதுதான் பலரும் செய்கிற தவறு. முதல் படியில், வீடியோ ஃபைலைச் சுருக்கி அதே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது படியில், பெட்டியே இல்லாமல் குனு ரேடியோவுக்குள்ளேயே அனுப்பி, செயற்கையாக இரைச்சல் கலந்து, வாங்கிப் பாருங்கள். மூன்றாவது படியில், பெட்டியோடு வரும் சிறு கேபிளால் அனுப்பும் முனையையும் வாங்கும் முனையையும் இணையுங்கள். நடுவில் 30 டெசிபல் அட்டென்யுவேட்டர் கட்டாயம் வேண்டும். சிக்னலின் சக்தியை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் சிறு உலோகத் துண்டு அது. அது இல்லாவிட்டால் வாங்கும் பக்கம் பழுதாகலாம்.

நான்காவது படி, இரண்டு பெட்டிகள். ஒரே பெட்டியில் அருமையாக ஓடிய வீடியோ, இரண்டாவது பெட்டி வந்ததும் நின்றுபோகும். காரணம் கடிகாரம். ஒரே பெட்டிக்குள் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து நடக்கின்றன. இரண்டு பெட்டிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் 25 பங்கு பிசகினால்கூட, 2.4 கிகாஹெர்ட்ஸில் அது 60 கிலோஹெர்ட்ஸ் விலகல். இதைக் கண்டுபிடித்துத் திருத்தும் பகுதி வாங்கும் புரோகிராமில் இருக்க வேண்டும். படிப்பு உண்மையில் தொடங்குவதே இங்கேதான்.

உடைத்துக் காட்டுங்கள்

இப்போது கண்காட்சி நாள். ஒரு லேப்டாப்பில் கேமரா, இன்னொன்றில் படம். பார்ப்பவருக்கு அது ஹார்ட் டிஸ்கிலிருந்து ஓடுகிறதா, ரேடியோவில் வருகிறதா என்று எப்படித் தெரியும்? தெரியாது. காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட்டிலும் வீடியோ ஓடத்தான் செய்யும்.

அதனால் உடைத்துக் காட்டுங்கள். அனுப்பும் சக்தியை ஒவ்வொரு டெசிபலாகக் குறையுங்கள். பழைய தூர்தர்ஷன் நாட்களில் சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளி மழை கூடிக்கொண்டே போகும். டிஜிட்டலில் படம் கடைசிவரை பளிச்சென்று இருக்கும். பிறகு ஓரிரு டெசிபலுக்குள் கட்டம் கட்டமாகச் சிதறி, உறைந்து, போய்விடும். பக்கத்திலேயே குறியீடுகளின் வரைபடத்தைத் திறந்து வையுங்கள். கோலப் புள்ளி போலத் தெளிவாக இருந்த நான்கு புள்ளிகள் மெல்ல மெல்ல ஊதி, ஒன்றோடொன்று கலப்பது தெரியும். எந்த இடத்தில் உடையும் என்று முன்கூட்டியே சொல்லி, அங்கேயே உடைத்துக் காட்டும் மாணவரை எந்தத் தேர்வாளரும் சந்தேகப்பட மாட்டார்.

கையை அசைத்தால் படத்தில் ஓரிரு நொடி தாமதமாகத் தெரிகிறதா? அதற்கு ரேடியோ காரணமில்லை. 10 மீட்டர் அறையை அலை கடக்க ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது. சுருக்குவதிலும் சேமித்துவைத்து விரிப்பதிலும்தான் நேரம் போகிறது.

சட்டம் முக்கியம்

நம் நாட்டில் ரேடியோ அலைகளை அனுப்ப அனுமதி வேண்டும். வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் போன்ற சில இடங்களில் குறைந்த சக்திக்கு விலக்கு உண்டு. அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. செல்போன், ஜி.பி.எஸ். அலைவரிசைகளும் புளூட்டோவின் எல்லைக்குள் வருகின்றன. தவறான எண்ணைத் தட்டினால் பெட்டி தடுக்காது. அதனால் காட்சி முழுவதையும் கேபிளிலேயே நடத்துவது பாதுகாப்பு. கேபிளில் போவது எப்படி வயர்லெஸ் ஆகும் என்று யாராவது கேட்டால் தயங்க வேண்டாம். அலை அதேதான், பாதை மட்டும் வேறு. செல்போன் தயாரிப்பவர்களும் சோதனைக் கூடங்களில் கேபிள் வழியாகச் சோதிப்பதுண்டு. ஆன்டெனா வேண்டுமென்றால் துறைப் பேராசிரியரின் ஒப்புதலோடு மட்டும் மாட்டுங்கள்.

ஆர்வம் அடங்காத பிள்ளைகள் 'ஹாம்' எனப்படும் அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதலாம். 2018-ல் ஏவப்பட்ட எஸ்ஹெய்ல்-2 செயற்கைக்கோளில் ஹாம் அன்பர்களுக்கென்றே தனி இடம் இருக்கிறது. இதே புளூட்டோ பெட்டியோடு ஒரு டிஷ்ஷையும் பெருக்கியையும் வைத்துக்கொண்டு, அதன் வழியே கண்டம் விட்டுக் கண்டம் வீடியோ அனுப்புகிறவர்கள் உண்டு. அந்தச் செயற்கைக்கோள் நிற்பது நமக்கு மேற்கு வானத்தில். மொட்டை மாடியிலிருந்து எட்டும் தூரம்தான்!