இல்லற நோக்கு: அடங்கிய பிள்ளை

நம் சங்கத்து ஞாயிறு தமிழ் வகுப்பில் ஒரு சிறுவன் உண்டு. கேட்டாலன்றி வாய் திறவான். இருந்த இடம் விட்டு அசையான். "அடக்கமென்றால் இதுவன்றோ!" என்று அவன் பெற்றோரிடம் நாமே பலமுறை மெச்சியிருக்கிறோம். ஒரு நாள் அவன் தலைக்கு மேலிருந்த அலமாரியில் சுண்ணக்கட்டி எடுக்க ஆசிரியர் கை உயர்த்தினார். சிறுவன் இரு கைகளாலும் முகத்தை மூடிக் குனிந்துவிட்டான். நாம் அடக்கமென்று போற்றியது அச்சமே என்பது அக்கணத்தில் விளங்கிற்று.

"அடியாத மாடு படியாது" என்பது நம் வீடுகளில் இன்னும் செல்லும் நாணயம். படிந்த பிள்ளைக்குப் பின்னாளில் என்ன நேர்கிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்டவர்கள் உண்டு. அமெரிக்க மருத்துவர்களான வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா முதலியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ந்தோர் பல்லாயிரவரின் பிள்ளைப் பருவத்தை வினவியது. அடி, வசை, பாலியல் கொடுமை, வீட்டில் குடி, தாய் அடிபடக் காணுதல் போன்ற துன்பங்களுள் நான்கு வகையேனும் உற்றவர்க்கு, ஒன்றும் உறாதாரைவிடக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு மிகுதி எனக் கண்டது.

அடி மட்டுமன்று, புறக்கணிப்பும் வடுவாகும். ருமேனியாவில் கைவிடப்பட்டு விடுதிகளில் வளர்ந்த 136 குழந்தைகளை ஆய்ந்தனர். உணவும் படுக்கையும் இருந்தன. எடுத்தணைத்துப் பேசுவார் இல்லை. அவர்தம் அறிவு வளர்ச்சி குன்றியது. எனினும் வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றவர் தேறினர். முந்திச் சென்றவர் மிகுதியும் தேறினர் என 2007-இல் அறிவித்தனர். ஆகவே வடு விதியன்று. அன்பு விரைவில் வந்தால் ஆறும்.

நம் நாட்டின் நிலையோ? 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் மத்திய அரசு நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூவரில் இருவர் உடல்வதைக்கு ஆளானவர்.

ஊரில் தகப்பன் கை ஓங்கினால் பாட்டி பிள்ளையை மடியில் வாரிக்கொள்வாள். இம்மும்பையின் சாத்திய கதவுக்குள் தடுப்பார் யார்? அண்டை வீட்டாராகிய நாம்தாம். அழுகுரல் கேட்டால் கதவைத் தட்டுவோம். அபாயம் எனத் தோன்றினால் 1098 என்னும் எண்ணை அழைப்போம். குழந்தைகளுக்கான அந்தத் தொலைபேசி உதவி 1996-இல் இந்நகரில்தான் பிறந்தது.

அச்சிறுவனின் தந்தையைக் கண்டு பேசினோம். "ஐயா, என் தகப்பனார் என்னை அடித்துத்தான் ஆளாக்கினார். நான் என்ன கெட்டா போய்விட்டேன்?" என்றார். "உம் தகப்பனாரிடம் நீர் ஒரு நாளேனும் மனந்திறந்து பேசியதுண்டா?" என்று வினவினோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி மகனைப் பெயர் சொல்லி அழைத்தார், மெல்லிய குரலில்.

பிள்ளை வரத் தயங்கினான். அத்தயக்கம் தீர நாளாகும். நாமும் உடனிருப்போம்.