குப்பையில் உறங்கும் நெருப்பு

அந்தமானில் அடுப்பு எரிவது கப்பலின் வரவைப் பொறுத்தது. சமையல் வாயு உருளை கடல் கடந்து வரவேண்டும்; மின்சாரத்தின் பெரும்பகுதியைத் தரும் டீசலும் அவ்வாறே. கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதித்தால் இல்லத்தரசியின் கண் விறகுப் புகையில் கலங்குகின்றது. அதே வேளையில் கொல்லைப்புறத்தில் சாணமும், வடித்த கஞ்சியும், அழுகிய காய்கனியும் வீணே கிடக்கின்றன. இவற்றினுள் நெருப்பு உறங்குகின்றது என்பதை நம்மவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காற்றுப் புகாத தொட்டியில் சாணத்தைச் சம அளவு நீருடன் கரைத்து விட்டால், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அதனை உண்டு மீத்தேன் என்னும் எரிவாயுவை வெளியிடுகின்றன. குளிர்நாடுகளில் இவ்வுயிர்கள் சோர்ந்துவிடும். நம் தீவின் வெப்பமோ அவற்றிற்கு உகந்தது.

இது புதுமையன்று. ஜஷ்பாய் படேல் 1950களில் வகுத்த மிதக்கும் மூடிக் கலத்தைக் கதர் கிராமத் தொழில் ஆணைக்குழு 1960களில் நாடெங்கும் பரப்பியது. 1984-இல் செங்கல்லாலான குவிமாடத்தையுடைய 'தீனபந்து' கலம் தோன்றியது. உப்புக் காற்றில் இரும்பு மூடி விரைவில் துருவேறுமாதலால், நமக்கு இப்பிந்திய முறையே ஏற்றது.

கணக்கையும் காண்போம். ஒரு மாடு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ சாணம் இடும். ஐந்து மாடுகளின் 50 கிலோ சாணம் இரண்டு கனமீட்டர் வாயு தரும். சிறு குடும்பத்தின் சமையலுக்கு இது போதும். மாதம் ஒன்றுக்கு இஃது ஏறக்குறைய இரண்டு உருளைகளுக்கு ஈடாகும்.

மாடில்லாதார் மனந்தளர வேண்டா. புணே நகரத்து 'ஆர்த்தி' நிறுவனத்தார் சமையலறைக் கழிவைக் கொண்டே இயங்கும் சிறு கலத்தை அமைத்து 2006-இல் ஆஷ்டன் விருது பெற்றனர். சோறும் மாவும், எடைக்கு எடை, சாணத்தினும் மிகுந்த வாயு தருவன. தொடக்கத்தில் மட்டும் நுண்ணுயிர் விதையாகச் சாணம் இடுதல் வேண்டும்.

சில எச்சரிக்கைகள்: ஒரே நாளில் சோற்றை அளவின்றிக் கொட்டினால் கலம் புளித்துப்போகும், வாயு நின்றுவிடும். தேங்காய் மட்டையையும் பாக்குத் தோலையும் இடலாகாது. அவை மட்காது மிதந்து வழியை அடைக்கும். சவர்க்கார நீர் நுண்ணுயிரைக் கொல்லும். மழைநீர் தேங்காத மேட்டு நிலத்திலேயே கலத்தை அமைத்தல் வேண்டும். முதலில் வரும் வாயுவில் காற்றுக் கலந்திருக்குமாதலின், அதனைத் தீயருகில் விடாது வெளியேற்றிவிடுக.

வாயு நீங்கிய பின் எஞ்சும் குழம்பு தென்னைக்கும் கமுகுக்கும் நல்லுரம். உரமும் கப்பலில் வரும் பொருளே என்பதை மறவற்க.

தனியொருவர்க்குச் செலவு மிகுதியெனின், அண்டை வீட்டார் இருவர் மூவர் கூடுக. ஒருவரிடம் மாடு இருக்கும்; மற்றொருவரிடம் இடம் இருக்கும்; வேறொருவர் கொத்து வேலை அறிந்திருப்பார். தாயகத்தை விட்டு வந்து காட்டைத் திருத்தி ஊராக்கிய நம் முன்னோர் ஒருவருக்கொருவர் கைகொடுத்தே வாழ்ந்தனர். அக்கை இன்றும் நம்மிடம் உண்டு. கரையை நோக்கிக் கப்பலுக்குக் காத்திருக்கும் நாள்களைக் குறைப்பது நம் கொல்லையிலேயே தொடங்கட்டும்.