குறியிடும் பொத்தான்

ஒரு செயலியைப் பயன்படுத்துபவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்கும் சோதனையில், அதைப் பதிவு செய்யும் மென்பொருள் அவர் கண்ணில் படவே கூடாது. பிரைட்டனின் கிளியர்லெஃப்ட் நிறுவனம் 2008இல் வெளியிட்ட சில்வர்பேக் என்ற மென்பொருள் இதைப் புரிந்துகொண்டது. மேக் கணினியின் கேமரா முகத்தைப் பதிவு செய்தது. திரையில் நடப்பதும் கூடவே பதிவானது. முக்கியமான கணத்தைக் குறிக்க, சோதனையை நடத்துபவர் ஆப்பிள் ரிமோட்டை அழுத்தினாலே போதுமானதாக இருந்தது. சோதனைக்கு வந்தவரின் மவுஸைத் தொட வேண்டியிருக்கவில்லை. மற்ற எல்லா வசதிகளையும்விட இந்தக் குறியே எனக்குப் பெரிது. குறியில்லாத ஒரு மணி நேர வீடியோவை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? தடுமாறிய இருபது விநாடியைக் காட்டுங்கள், வடிவமைப்பாளருக்குப் புரிந்துவிடும். ஒன்று மட்டும் ஒளியக் கூடாது: முகமும் குரலும் பதிவாகின்றன என்று சொல்லி ஒப்புதல் கேட்கும் திரை. அது முதலில், பெரிய எழுத்தில் வர வேண்டும்.